பால் வெட்டிய கையில் பாகற்கொடி

சித்திரை பிறந்துவிட்டது. தை, மாசி இரண்டு மாதமும் காய்ந்து கிடந்த பினாங்குத் தீவில் நல்ல மழை இரண்டு பெய்து ஓய்ந்திருக்கிறது. கொடிமலையின் தலையில் மேகம் குந்தியிருக்கிறது. ஜார்ஜ் டவுன் வீதியோரங்களில் நிற்கும் வேங்கை இன மரங்கள் (மலாய்க்காரர்கள் ‘அங்சானா’ என்பார்களே, அவைதாம்) ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே பூவையெல்லாம் தார்ச்சாலையில் கொட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவை போல நிற்கின்றன.

வாரா வாரம் இந்தப் பகுதியில் நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். போனசைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டுரிமையைப் பற்றிப் பேசுகிறோம். இந்த வாரம் வாசகத் தோழர்களை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறோம். எங்கே தெரியுமா? வீட்டுக் கொல்லைக்கு!

“நம் நாட்டில் வருஷம் முழுக்கப் பச்சைதானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். பால் வெட்டியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மாசி, பங்குனியில் பால் மரம் இலை கொட்டுவதும், மங்கில் பால் குறைவதும், அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழுவதும் அவர்களுக்குத் தெரியாதா என்ன? பிறகு செம்பு நிறத்தில் புதுத் துளிர் விடும். வடகிழக்குப் பருவக்காற்றின் மழையைத் தீபகற்பத்தின் நடுவிலுள்ள மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கிழக்குக் கரை வெள்ளத்தில் மிதந்து ஓய்கிற காலத்தில் பினாங்கு காய்கிறது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வருகிற முதல் மழைதான் நமக்கு வசந்தம். அதுவே நமக்குக் கோடையின் தொடக்கமும்கூட. செடி, கொடி, பூச்சி, பறவை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உயிர் வருகிறது.

ரசத்துக்கு நாலு இலை

ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி. கீழ்த்தளத்தில் ஓர் அம்மா இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, வெளிக்காட்டில் மருந்தடித்து, அந்தத் தோட்டம் விலைபோனபோது வெளியேறி மகனோடு தீவுக்கு வந்தவர். வீட்டுக்குப் பின்னால் சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு மண். பத்தடி நீளம் இருக்கும். அகலம் நாலடிகூட இல்லை. அதில் கறிவேப்பிலை, பாகல், வெண்டை, கற்பூரவல்லி, செம்பருத்தி. ஓரத்தில் ஒரு முருங்கை.

நாம் போனபோது கறிவேப்பிலைச் செடியில் பாதி இலை இல்லை. பச்சைப் பச்சையாகப் புழுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. “இதை நசுக்கிப் போடலையாம்மா?” என்றோம்.

“நசுக்கிறதா? வாழ்நாளெல்லாம் மருந்தடிச்சாச்சு தம்பி. போதும். இதுவும் வயித்துக்குத்தானே திங்குது? எங்களுக்கு ரசத்துக்கு நாலு இலை இருந்தா சரி. மிச்சம் அதுக்கு.”

அந்தப் புழு சாதாரணப் புழு அல்ல. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம் என்பது தாவர நூலார் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது; வண்ணத்துப்பூச்சிக்கு அது பிறவியிலேயே தெரிகிறது. தேடி வந்து அந்தக் குடும்பத்து இலையில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும்போது புழு பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? வளர்ந்த பிறகு இலை நிறத்துக்கு மாறிக்கொள்ளும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி, ஒரு வாடை அடித்துப் பயமுறுத்தும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். கடித்த செடி அடுத்த மழையில் தழைத்துவிடும்.

தெலுக் பகாங்கில் 1986-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பண்ணை இன்று ‘என்டோபியா’ என்ற பெயரில் நடக்கிறது. அங்கே கட்டணம் கொடுத்துப் பார்க்கும் காட்சியை இந்த அம்மா ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்து வீட்டிலேயே பார்க்கிறார்.

“அப்ப நாங்கதான் வண்டு”

பாகற்கொடியில் காலைப் பூ மலர்ந்திருந்தது. அம்மா ஓர் ஆண்பூவைக் கிள்ளி, இதழைப் பிய்த்துவிட்டு, அடியில் பிஞ்சு தாங்கிய பெண்பூவின் நடுவில் இரண்டு தடவு தடவினார். “மழை பெய்ஞ்சா தேனீ வராது. அன்னிக்கு நாமதான் செய்யணும்,” என்றவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தோட்டத்துல செம்பனைக்கு இதே வேலைதானே? மாவைக் குழாயில போட்டு ஊதுவோமே. அப்ப நாங்கதான் வண்டு!”

இளைய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். மரத்தைக் கொண்டு வந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டு வரவில்லை. பூவில் மகரந்தம் சேராமல் குலை சரியாகக் காய்க்கவில்லை. அதனால் மகரந்தத்தை முகப்பவுடர் மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதினார்கள். நம் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் செய்த வேலை அது. பிறகு ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டுக்குப் போய் ஆராய்ந்து, அங்கே ஒரு சின்னக் கூன்வண்டுதான் இந்த வேலையைச் செய்கிறது என்று கண்டு சொன்னார். 1981-ஆம் ஆண்டில் அந்த வண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. சில மாதங்களில் கைவேலை தேவையில்லாமல் போயிற்று, விளைச்சலும் கூடியது. ஓர் அரிசி அளவுகூட இல்லாத பூச்சி, ஒரு நாட்டின் ஏற்றுமதியையே தூக்கி நிறுத்தியது.

டுரியானுக்கும் இப்படி ஓர் ஊழியன் உண்டு. டுரியான் பூ இரவில் மலர்வது. அதன் தேனைக் குடிக்க வருவது குகைகளில் வாழும் தேன் வௌவால். நம் பத்துமலைக் குகைகளிலும் இந்த வௌவால்கள் உண்டு. இரவில் பல கிலோமீட்டர் தூரம் பறந்து பூத்தேடிவிட்டு விடியுமுன் திரும்பிவிடும். பாலேக் பூலாவில் ஜூன் மாதம் டுரியான் மணக்கும்போது, காசை வாங்கிக்கொள்பவர் கடைக்காரர். இரவு வேலை பார்த்தது வௌவால். உழைத்தவன் ஒருவன், பேர் வாங்குபவன் ஒருவன் என்பது பாட்டாளிக்குப் புதிய கதையா?

ஒப்பந்தத்தில் வந்த காகம்

ஜெலுத்தோங் பக்கம் நாம் பார்த்த பெரியவருக்கு மண்ணே இல்லை. நாலாவது மாடி. வீட்டு வாசல் நடைவழியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் மிளகாய், துளசி, செரை, பண்டான். சலவைக் கொடியின் ஓரத்தில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சிலந்தி வலையும் சேர்த்துப் பின்னிய சிறு பை, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு தாழ்வாரம்கூட வைத்திருக்கிறது! முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறக்கவிட்டு, கூட்டைக் காலி செய்ய ஒரு மாதம் போதும். அதுவரை அந்தக் கொடியில் துணி காயப் போடக்கூடாது என்று பேத்திக்குக் கட்டளை.

“குயில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கலையா ஐயா?” என்று கேட்டோம். பினாங்கில் பலர் சொல்கிற புகார் அது.

“நாலரைக்கே கூப்பிட்டுடுறான். பெரட்டு மணி மாதிரி! இப்ப பெரட்டும் இல்லை, வெட்டு மரமும் இல்லை. ஆனாலும் நம்மளை எழுப்ப ஒருத்தன் இருக்கான்னு நினைச்சுக்கிறது.”

இந்தக் குயிலுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. முன்காலத்தில் குயில் இந்தத் தீபகற்பத்துக்குப் பெரும்பாலும் வலசை வந்து போகும் விருந்தாளி. காகக் கூட்டில் முட்டையிடும் அதற்கு இங்கே ஊர்க்காகம் வேண்டும். அந்தக் காகம் எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்தில், கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் புழு அரித்தது. புழுவைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போயிற்று, பால் மரம் வந்தது, காகம் இங்கேயே தங்கிவிட்டது. தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டி அழைத்துவரப்பட்டு, வேலை முடிந்ததும் “இது எங்கிருந்து வந்தது?” என்று முகம் சுளிக்கப்பட்டது ஒரு பறவை. படிக்கிற நமக்கு எங்கேயோ உறைக்கிறது அல்லவா? காகம் பரவப் பரவக் குயிலும் பின்னாலேயே வந்து குடியேறிவிட்டது.

பெரியவரின் நடைவழியில் நின்று ஒரு மணி நேரத்தில் நாம் எண்ணியவை: மைனா, மாங்குயில், குண்டுகரிச்சான், கொண்டைக்குருவி, மெர்போக் புறா, கீழே சாக்கடையோரம் ஒரு மீன்கொத்தி. குளிர்காலம் கழிக்க வடக்கேயிருந்து வந்த தகைவிலான்களும் கீச்சான்களும் பங்குனியோடு மூட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டன. சீனத்திலும் சைபீரியாவிலும் இப்போது பனி உருகிப் புல் முளைக்கிற நேரம். அங்கே போய்த்தான் அவை குஞ்சு பொரிக்கும்.

16-இல் ஒரு பாகம்

பினாங்கின் கதையே தோட்டத்தின் கதைதான். 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கிறிஸ்டோபர் ஸ்மித் என்பவர் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டார். 1884-ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ், தண்ணீர்மலை அடிவாரத்தில் கல்லுடைத்துக் கைவிட்ட பள்ளத்தாக்கைப் பூந்தோட்டமாக மாற்றினார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற நம்மவர்கள் பக்கத்திலேயே இருக்கிற அந்தத் தோட்டத்துக்குள் ஒருமுறை போய், நாகலிங்க மரத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அடிமரத்திலேயே பூ, உள்ளே லிங்கம் போல ஒரு குமிழ், மேலே படம் எடுத்த நாகம். மரத்தின் பூர்வீகமோ தென்னமெரிக்கா! நம் பால் மரமும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்துதான் மலாயாவின் பால் காடெல்லாம் கிளம்பிற்று.

காட்டை வெட்டித் தோட்டம் போட்டவனுக்கு, தனக்கென்று ஒரு கொல்லை கிடைத்ததா? கிடைத்தது, சட்டத்தில். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் 16-இல் ஒரு பாகம் நிலம் விடவேண்டும் என்றது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. சில தோட்டங்களில் விட்டார்கள். பல இடங்களில் லயத்துக்குப் பின்னால் கிடைத்த மண்ணில் நம்மவர்களே கொத்திக்கொண்டார்கள். முருங்கையும் வாழையும் மரவள்ளியும், மூலையில் ஒரு மாமரமும், கூண்டில் கோழியும். சப்பானியர் காலத்தில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது அந்த மரவள்ளிதான்.

ஆனால் அந்த மண் ஒருநாளும் நம் பெயரில் இருந்ததில்லை. ஆயர் ஈத்தாம் அம்மாவின் தோட்டம் கைமாறியபோது, வேலை செய்த வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். “மாமரத்துக்கும் முருங்கைக்கும் கணக்கு இல்லைன்னுட்டாங்க தம்பி. அவரு வச்ச மரம். அவரு போயி ஆறு வருஷம் கழிச்சும் காய்ச்சுக்கிட்டு இருந்துச்சு,” என்றார். ‘அவரு’ என்றது கணவரை. லயத்தை இடிக்க இயந்திரம் வந்த நாளுக்கு முந்தின நாள், முருங்கையில் ஒரு கிளையை ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, பேருந்திலும் படகிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டார். அதுதான் சுவரோரத்தில் நிற்கிறது.

அந்த முருங்கைக்குத்தான் இப்போது ஆபத்து.

கொசுவா, கொல்லையா?

சென்ற மாதம் அந்த வட்டாரத்தில் டிங்கிக் காய்ச்சல் கண்டது. அடுக்குமாடி நிர்வாகக் குழு ஓர் அறிவிப்பு ஒட்டியது: பொது நிலத்திலுள்ள செடி, சட்டி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். குழுவைக் குறை சொல்ல நாம் வரவில்லை. டிங்கி உயிரைக் குடிக்கிற நோய். கொசு பெருக இடம் கொடுப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் உண்மையை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏடிஸ் கொசு இலையில் பிறப்பதில்லை, மண்ணில் பிறப்பதில்லை, அசையாமல் தேங்கிய தெளிந்த தண்ணீரில் பிறக்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகையால் வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தத் தலைமுறை அற்றுப்போகும். முருங்கையை வெட்டிவிட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த வாளியை விட்டுவைத்தால் என்ன பயன்?

இதை முதலில் உணர்ந்தது பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக். பண்டானும் செரையும் இந்தக் கொல்லையிலிருந்துதான் அவர் வீட்டுச் சமையலுக்குப் போகின்றன. மேல்மாடிச் சீனப் பெரியவர் மீன் கழுவிய தண்ணீரை நாள் தவறாமல் வாழைக்குக் கொண்டுவந்து ஊற்றுபவர். மூவரும் சேர்ந்து ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு காலை கோத்தோங் ரோயோங். கீழ்த்தளம் முதல் மேல்மாடி வரை வாளி, தட்டு, குளிர்பெட்டிக்கு அடியிலுள்ள தட்டம், சாக்கடை எல்லாம் பார்ப்பது. பார்த்ததை ஒரு நோட்டில் குறிப்பது. பேரப்பிள்ளைகள் டார்ச் அடிக்கிறார்கள். அந்த நோட்டோடு குழுவைப் பார்த்தார்கள். இம்மாதக் கடைசியில் கூட்டம் போட்டு முடிவு செய்வோம், அதுவரை மரத்தில் கை வைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். முடிவு எப்படியிருந்தாலும் இப்பகுதியில் எழுதுவோம்.

புகை அடித்துவிட்டால் போதாதா என்பவர்கள் உண்டு. புகை பறக்கிற கொசுவைக் கொல்லும்; தண்ணீரில் நெளிகிற புழுவைக் கொல்லாது. கூடவே தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் சாகும். வேறு வழியில்லாதபோது புகை வேண்டும். வாளியைக் கவிழ்க்க மனமில்லாததற்குப் புகை மாற்றாகாது.

மருந்தின் குணம் நம் பெண்களைவிட யாருக்குத் தெரியும்? முதுகில் பம்பைச் சுமந்து, கையுறையில்லாமல், மூக்கில் துணி கட்டிப் புல்லுக்கு மருந்தடித்து, நகம் கழன்று, கண் எரிந்து, இருமிக்கொண்டு வீடு வந்தவர்கள் அவர்கள். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி, 2002-இல் தடையென்று அறிவிக்கப்பட்டு, பிறகு தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் மலேசியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. பூச்சிக்கொல்லிகளை எதிர்க்கும் அனைத்துலக வலையமைப்பு 1982-ஆம் ஆண்டில் பிறந்ததும் இதே பினாங்கில்தான். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வீட்டுக் கொல்லையில் நஞ்சில்லாத காய்கறி வளர்க்கப் பல்லாண்டுகளாகச் சொல்லித் தருகிறது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் இந்த மண்ணுக்குச் செய்த தொண்டுகளில் அதுவும் ஒன்று.

மருந்தில்லாமல் எப்படி?

அம்மாவும் பெரியவரும் சொன்னதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. அரிசி, மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டாதீர்கள்; வேரில் ஊற்றுங்கள். காய்கறித் தோலை மண்ணில் புதைத்துவிட்டால் மக்கி எருவாகும்.

2. கத்தரி, வெண்டையில் செள்ளு கண்டால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் சோப்புத் தண்ணீர் போதும்.

3. முசுறு எறும்பைக் கண்டவுடன் கொளுத்தாதீர்கள். தென்சீனத்து விவசாயிகள் ஆயிரத்தெழுநூறு ஆண்டுக்கு முன்பே ஆரஞ்சு மரத்தில் பூச்சியை ஒழிக்க முசுறுக் கூட்டை வாங்கித் தொங்கவிட்டார்கள். கடிக்கும்தான், சற்று விலகியிருங்கள்.

4. தேரை, அரணை, ஓணான், பல்லி எல்லாம் சம்பளமில்லாத வேலையாட்கள். அடிக்காதீர்கள்.

5. செடிச் சட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். வேண்டுமென்றால் மணலால் நிரப்புங்கள். வாரம் ஒரு நாள், அதே கிழமையில், வீட்டைச் சுற்றி வாருங்கள்.

6. குரங்குக்குத் தீனி போடாதீர்கள். இன்று கையில் வாங்குவது நாளை வீட்டுக்குள் வந்து பிடுங்கும்.

இன்னும் லயத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்றும் மண் இருக்கிறது. பிள்ளைகள் நகரத்து ஆலையைப் பார்த்துப் போகிறார்கள். கொல்லை புல் மண்டிக் கிடக்கிறது. கொத்துங்கள். நாளை வீட்டுரிமைக்குப் பேசுகிறபோது, வீட்டோடு சேர்த்து மரத்துக்கும் மண்ணுக்கும் கணக்குக் கேளுங்கள். எந்த மரம் எந்த ஆண்டு வைத்தது என்று இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த அம்மாவின் கையில் அப்படி ஒரு காகிதம் இல்லாமல் போயிற்று.

விடைபெறும்போது அவர் முருங்கையில் ஒரு கிளையை ஒடித்து நம் கையில் கொடுத்தார். “ரெண்டு இடத்துல இருந்தா ஒண்ணாச்சும் நிக்கும் தம்பி,” என்றார். நம் வீட்டு வாசலோரம் நட்டிருக்கிறோம். நேற்றுக் காலை கணுவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

உங்கள் கொல்லையில் இந்தச் சித்திரையில் என்ன துளிர்த்தது, எந்தப் பறவை வந்தது? தோழர்களே, எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறோம்.